கலண்டரில் இருந்தவர் என் அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் இந்தக் கார்த்திகையோடு ஒரு வருடம் ஆகிறது. அவருக்காக ஒப்புக்கொடுக்கப்படும் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் அவருடைய தம்பியாகிய நான் வணங்கித் தொடங்குகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. என் காலம் நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையிலும், பிறகு ஒஸ்லோவில் பள்ளிக்கூடத் துப்புரவு வேலையிலும் போய்விட்டது. ஆனாலும் அக்காவின் மகள், என் மருமகள், என்னிடம்தான் வந்து கேட்டார்.

"மாமா, அம்மாவின்ரை அந்த வருசங்களைக் கூட இருந்து பாத்தது இப்ப நீங்கள் மட்டும்தான். நீங்கள் எழுதுங்கோ. மறைக்காமல் எழுதுங்கோ."

மறைக்காமல் என்று அவர் சொன்னதன் காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். அக்காவின் பழைய படங்களை நீங்கள் ரெலிபோனில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் கோயில் வாசலுக்கு வரும்போது பேச்சு சட்டென்று நின்றுபோன ஞாயிற்றுக்கிழமைகளும் உண்டு. அந்தப் பேச்சை நிறுத்த எங்களால் முடியவில்லை. நடந்ததைச் சொல்லவாவது முடியும் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

அக்கா மன்னார்த் தீவில், பேசாலையில் பிறந்தார். எனக்கு இரண்டு வயது மூத்தவர். அப்பா தலைமன்னாரில் புகையிரதப் பகுதியில் வேலை பார்த்தார். நாங்கள் சிறுவர்களாக இருக்கும்போதே அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அதன் பிறகு அப்பாவுக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தோம். அக்கா பள்ளிக்கூடத்தால் வந்து சமைத்து, என் சட்டையைத் தோய்த்து, பின்னேரம் செபமாலை சொல்லிவிட்டுத்தான் புத்தகம் எடுப்பார். கெட்டிக்காரி என்று கன்னியாஸ்திரிகள் சொன்னார்கள். அவரை ஆசிரியையாக்க வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். அப்பாவுக்கு நெஞ்சில் சயரோகம் கண்டு வேலை நின்றபோது அந்த எண்ணமும் நின்றது. அக்கா புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்தார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது இருக்கும்.

அக்கா அழகி என்று நான் சொன்னால் தம்பி சொல்கிறான் என்பீர்கள். கடைக்கு வந்த பெண்கள் அவர் தோளில் போட்டுக் காட்டிய சேலையையே கேட்டு வாங்கிப் போனார்கள். முதலாளிக்கு அது தெரிந்திருந்தது. புதுவருடக் கலண்டருக்கு ஒரு பெண்ணின் படம் தேவைப்பட்டபோது அவர் எங்கள் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் அனுமதி கேட்டார். அப்பா ஒரு நாள் யோசித்துச் சம்மதித்தார். நான் கூடப் போனேன். ஸ்ரூடியோவில் அக்கா இளம்பச்சைச் சேலையும், முழங்கை வரை மூடிய சட்டையும் உடுத்து, ஒரு சாந்துத் தூணில் கை வைத்து நின்றார். படமெடுப்பவர் சிரிக்கச் சொன்னார். அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் படத்தில் விழுந்தது.

கலண்டர் நல்ல கலண்டர். எங்கள் பங்குச் சுவாமியாரின் அறையில்கூட ஒன்று தொங்கியது. ஆனால் அதை அச்சிட்டது சிவகாசியில். நெகற்றிவ் அங்கேயே இருந்துவிட்டது.

அடுத்த வருடம் வேறொரு கொம்பனியின் கலண்டர் வந்தது. அதே முகம், அதே சிரிப்பு. சட்டைக்குக் கை இல்லை. அதற்கடுத்ததில் தூண் இருந்த இடத்தில் ஒரு நீர்வீழ்ச்சி விழுந்துகொண்டிருந்தது. சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இன்னொன்றில் இடுப்பில் குடம் இருந்தது, சட்டையே இல்லை. ஓவியர் ஒருவர் இருந்து தூரிகையால் வருடத்துக்கு வருடம் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார். கழுத்துக்கு மேலே மட்டும் ஒருவரும் கை வைக்கவில்லை.

எங்கள் தெருவில் இருந்த சலூனில் அந்தக் கலண்டர் தொங்கியது. கோயிலுக்கு வந்த யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அப்பா இருமலோடு எழுந்து உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அப்பிடி ஒரு படத்துக்கு நிண்டனியோ?"

"இல்லை அப்பா. முகம் மட்டும்தான் என்ரை. மற்றது ஆரோ கீறினது."

அப்பா நம்பினார். அதில் சந்தேகமில்லை. ஆனாலும், "இதை நாங்கள் ஆர் ஆருக்கெண்டு போய் விளங்கப்படுத்திறது?" என்று கேட்டார். அக்காவிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

நான் முதலாளியிடம் போனேன். அவரும் மனம் வருந்தினார். "நெகற்றிவ் அவையளிட்டை இருக்கு தம்பி. நான் ரெண்டு கடிதம் போட்டனான். பதில் இல்லை. நான் என்ன செய்ய?" என்றார். சலூன்காரரிடம் போனேன். கழற்றித் தந்தார். அடுத்த கிழமை வேறொருவர் கொடுத்தாரென்று இன்னொன்றை மாட்டியிருந்தார். அக்காவுக்கு மன்னாரில் ஒரு சம்பந்தம் பேசி முற்றாகியிருந்தது. மாப்பிள்ளையின் தமையன் வந்து தட்டில் வைத்த தேத்தண்ணீரைக் குடிக்காமலே இருந்தார். "படம் பொய்யெண்டு எங்களுக்கும் விளங்குது. ஊருக்கு விளங்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் கெட்டவர் இல்லை.

அந்தக் கலண்டர்களில் ஒன்றைப் பார்த்துத்தான் கோடம்பாக்கத்திலிருந்து ஒரு சினிமாக் கொம்பனியின் ஆள் தேடிக்கொண்டு வந்தார். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அக்காதான் பேசினார். அந்த ஆள் போன பிறகு என்னிடம் சொன்னார்:

"சும்மா வீட்டிலை இருந்தும் பேர் போச்சு. போய் உழைச்சால் அப்பாவுக்கு ஊசி மருந்தாவது வாங்கலாம். நீ கூட வருவாயோ?"

"வருவன் அக்கா."

அப்பா கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "தம்பி அவளை விட்டு விலகக் கூடாது." அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு சித்தியை வரவழைத்துவிட்டுப் புறப்பட்டோம். புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது.

வடபழனியில் ஒரு வீட்டின் மாடியறை எங்களுக்குக் கிடைத்தது. சினிமாவில் அக்காவுக்கு வேறு பெயர் வைத்தார்கள். அதை நான் இங்கே எழுதவில்லை. அது அவருடைய பெயரல்ல.

முதல் நாளே குரல் பார்த்தார்கள். ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அக்கா தெளிவாகத்தான் வாசித்தார். உதவி இயக்குநர் ஒருவர் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, நீங்க பேசுறது தமிழா மலையாளமா? கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தியேட்டர்ல சிரிச்சிடுவாங்க."

ஆகவே எல்லாப் படங்களிலும் அக்காவின் வாய் அசையும். வேறொரு பெண்ணின் குரல் வரும். அந்தப் பெண் நல்லவர். ஒருமுறை அக்காவுக்குப் பூ வாங்கி வந்து, "உங்க முகத்துக்குப் பேசுறப்போ எனக்கே ஒரு தைரியம் வருது" என்று சொன்னது நினைவிருக்கிறது.

அந்தப் படங்களைப் பெரிய படங்கள் என்று சொல்ல முடியாது. சண்டைப் படங்கள், பாம்புப் படங்கள், கொள்ளைக் கூட்டப் படங்கள். கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அக்காவுக்குப் பெரும்பாலும் வில்லனின் கூட்டத்தில் இருக்கும் பெண்ணின் வேடம். நீளச் சப்பாத்தும் தொப்பியும் போட்டு, கையில் துப்பாக்கியோடு வருவார். ஒரு நடனம் இருக்கும். இடைவேளைக்குப் பிறகு நல்லவளாக மாறுவார். மாறிய உடனே சுட்டுவிடுவார்கள். "இந்தப் படத்திலை எப்பிடிச் சாகிறன் எண்டு கேட்டுச் சொல்லு தம்பி" என்று அக்கா என்னிடம் கேட்பார். நானும் கேட்டுவந்து சொல்வேன். மலையிலிருந்து விழுகிறீங்கள், பாம்பு கடிக்குது. இருவரும் சிரிப்போம். அந்த மாடியறையில் நாங்கள் சிரித்ததும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஒழுங்காகப் பணம் போய்க்கொண்டிருந்தது. அவருடைய இருமல் குறைந்திருப்பதாகச் சித்தி எழுதினார்.

என்னைக் கார்டியன் என்று கூப்பிட்டார்கள். எனக்கு ஒரு கதிரை கொடுத்து ஓரத்தில் இருக்க விடுவார்கள். கடைசிப் படத்தில் ஒரு மழைப் பாட்டு இருந்தது. மார்கழி மாதக் காலை. தண்ணீர் லொறியைக் கொண்டுவந்து குழாய் பூட்டியிருந்தார்கள். நான் வழக்கம்போல் உள்ளே போகப் பார்த்தபோது புரொடக்‌ஷன் மேனேஜர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"தம்பி, இன்னிக்கு நீ வெளிய இரு. பாட்டு எடுக்குறப்போ சொந்தக்காரங்க நின்னா ஆர்டிஸ்டுக்குக் கூச்சம் வரும்."

"அப்பா என்னை அக்காவோடை நிக்கச் சொல்லித்தான் விட்டவர்."

"உங்கப்பா சிலோன்ல இருக்கார். டைரக்டர் இங்க இருக்கார்."

நான் லொறிக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே பாட்டுத் தொடங்கும், நிற்கும், மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். தண்ணீர் மோட்டரின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இடையில் அக்கா ஒரு துவாயைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். உதடு நீலமாக இருந்தது.

"தம்பி, எனக்குக் காட்டின சட்டை இதில்லை."

"வாங்கோ அக்கா, போவம்."

"எப்பிடிப் போறது? பாஸ்போட் அவையிட்டை."

விசா நீட்ட வேண்டும் என்று கொம்பனி எங்கள் இருவரின் பாஸ்போட்டையும் வாங்கி வைத்திருந்தது. உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அக்கா துவாயை என் கையில் தந்துவிட்டுப் போனார். அந்தத் துவாயோடு நான் மத்தியானம் வரை நின்றேன். அந்த மேனேஜரை அடித்திருக்கலாம் என்று பிற்காலத்தில் பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அடித்திருந்தாலும் பாட்டு எடுத்து முடிந்திருக்கும்.

அந்தப் படம் முடியும் முன்பே அப்பாவுக்குக் கடுமை என்று தந்தி வந்தது. பாஸ்போட்டைப் பெறவே சில நாட்கள் சென்றன. இராமேஸ்வரத்துக்கு வந்தபோது கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுவிட்டது. அக்கா இறங்குதுறையில் பெட்டியின் மேல் உட்கார்ந்து, எதிரே மன்னார் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை அடக்கம் செய்து முடிந்திருந்தது. அக்கா அதன் பிறகு கோடம்பாக்கத்துக்குத் திரும்பவே இல்லை; அவர் இல்லாமலே அந்தப் படத்தை முடித்து வெளியிட்டார்கள்.

அத்தானைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியைச் சேர்ந்த கத்தோலிக்கர். அரசாங்க ஆசுப்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை. பெண் பார்க்க வந்தபோது அக்கா தாமே கதவருகில் வந்து நின்று கேட்டார்.

"என்னைப் பற்றி எல்லாம் விசாரிச்சனீங்களோ?"

"விசாரிக்காமலே சொல்லிப்போட்டினம்."

"அப்ப?"

"அப்ப ஒண்டுமில்லை. எனக்குக் கறி உறைப்பா இருக்கவேணும். அதைத்தான் நான் சொல்ல வந்தனான்."

அந்தப் பதிலுக்காகவே அக்கா அவரைக் கட்டினார் என்று நான் நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் குடியேறினார்கள். பெண்குழந்தை பிறந்தது. கலண்டர் அங்கேயும் வந்தது. சிவகாசியில் அந்த முகத்தை அவர்கள் விடவில்லை. பட்டாசுப் பெட்டியில், வாசனைத்தூள் டப்பாவில் எல்லாம் அக்கா சிரித்தார். சந்தைப் பக்கம் போகும்போது ஒரு தேத்தண்ணீர்க் கடையிலோ சலூனிலோ கண்டால் அத்தான் உள்ளே போய் விலை கேட்டு வாங்கிவிடுவார். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து அடுப்பில் போடுவார்.

"எத்தினையைத்தான் வாங்குவீங்கள்?" என்று அக்கா ஒருமுறை கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"கண்டதை வாங்குவன்" என்றார் அத்தான். கடைக்காரர்களுக்கு விசயம் விளங்கிவிட்டது. சிலர் அவர் கண்ணில் படவேண்டும் என்றே மாட்டினார்கள். அதுவும் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் வாங்கினார்.

பிறகு யுத்தம் வந்தது. நான் எண்பதுகளின் நடுவில் நோர்வேக்கு வந்து, வடக்கே மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மருமகள் திருமணமாகி ஒஸ்லோவுக்கு வந்தார். அக்காவும் அத்தானும் யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார்கள். அத்தானுக்கு நீரிழிவு. மருந்துகள் யாழ்ப்பாணத்துக்குப் போகாத காலம். வாழ்நாள் முழுதும் ஊராருக்கு மருந்து எடுத்துக் கொடுத்தவருக்கு இன்சுலின் இல்லாமல் போயிற்று. நாங்கள் இங்கே மருந்துக்கடையில் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கொண்டு போகக்கூடிய ஆள் யாராவது உண்டா என்று ஊரூராக ரெலிபோன் எடுத்தோம். ஒருவர் கொழும்பு வரை கொண்டு போனார். அது அங்கேயே நின்றது. இடம்பெயர்ந்து இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அத்தான் இறந்தார். செய்தி எங்களுக்கு வரவே வெகுநாள் சென்றது.

அதன் பிறகு தனியாகிவிட்ட அக்காவை மருமகள் பெரும்பாடுபட்டு ஒஸ்லோவுக்கு எடுத்தார். நகரின் ஒரு பகுதியான ஹவுகன்ஸ்டுவாவில் அவர்களுடைய வீடு. நானும் அப்போது அருகிலுள்ள ரொம்சோசுக்கு வந்துவிட்டேன். பேத்தியை வளர்த்தது அக்காதான். நோர்வே மொழியான நொஸ்க் வகுப்புக்கும் போனார். பஸ்ஸில் ஏறினால் சாரதிக்கு "ஹை ஹை" என்று சொல்லிவிட்டுத்தான் இருப்பார். முடிந்த அளவுக்கு எல்லோரோடும் பேசினார். படம் எடுக்க மட்டும் விடமாட்டார். பிறந்தநாள், கோயிலில் முதல்நன்மைக் கொண்டாட்டம் எதுவானாலும் கமராவைத் தாம் வாங்கிக்கொண்டு மற்றவர்களை எடுப்பார். இந்த மலரின் அட்டையில் நீங்கள் பார்க்கும் படம் வதிவிட அனுமதி அட்டைக்காக எடுத்தது. எங்களிடம் வேறு இல்லை.

தமிழ்த் திருப்பலியில் வேதாகம வாசகம் வாசிக்க ஒருவர் வராத நாளில் அக்காவைக் கேட்டார்கள். தயங்கித் தயங்கிப் போய் நின்றார். ஒலிவாங்கி வழியாக அக்காவின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். திருப்பலி முடிந்து, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு தம்பதியினர் வந்து கையைப் பிடித்தார்கள். "அம்மா, நீங்க வாசிச்சது ஒவ்வொரு சொல்லும் புரிஞ்சுது. எவ்வளவு அழகான தமிழ்" என்றார் அந்தப் பெண். அக்காவும் நானும் வீட்டுக்கு வந்தோம். வாசல் திறக்கும்போது, "கேட்டனியோ, என்ன சொன்னவை எண்டு?" என்றார். பல வருடங்கள் அவர் வாசித்தார். அதுதான் அவருடைய நல்ல காலம் என்று நான் எண்ணுகிறேன்.

அந்த மழைப் பாட்டை யாரோ இணையத்தில் ஏற்றினார்கள். யார், எந்த நாட்டில் இருந்து என்று இன்றுவரை தெரியாது. அதன் கீழே பார்த்தவர்கள் எழுதியிருந்தவை இந்த மலரில் எழுதக்கூடாத வார்த்தைகள். அது எப்படியோ எங்கள் ஆட்களின் குழுக்களுக்குள்ளும் வந்து, "இவ எங்கடை வாசகம் வாசிக்கிறவ" என்று ஒருவர் அடையாளமும் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசகங்களைப் பகிர்ந்து கொடுப்பவர் அக்காவை ஒருபக்கமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு நீங்கள் ஓய்வா இருங்கோ. சனம் கதைக்குது. எனக்குத் தனிப்பட ஒண்டுமில்லை."

"ஓம் தம்பி" என்று மட்டும் அக்கா சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் முடியவில்லை.

பேத்தி இங்கே பிறந்து வளர்ந்தவர். இப்படியானவை நடந்தால் முறையிட்டு நிறுத்தலாம் என்று நம்புகிறவர். அவர் அந்த இணையத்தளத்துக்கு எழுதி அந்தப் பாட்டை நீக்குவித்தார். சில நாட்களில் வேறு தலைப்போடு திரும்ப வந்தது. மீண்டும் நீக்குவித்தார். பிறகு யாரோ ஒருவன் கணினியால் அதற்கு நிறம் கொடுத்து, உடுப்பையும் அழித்து, நடக்காததெல்லாம் நடந்ததுபோல் ஆக்கிப் போட்டான். பேத்தி அழுதுகொண்டு வந்தார்.

"அம்மம்மா, இது நீங்கள் இல்லை. இதை மெஷின் செய்தது. நாங்கள் பொலிட்டிக்குப் போய் அன்மெல்ட் பண்ணுவம்."

அக்கா பேத்தியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். "முதல் கையாலை கீறினவை. இப்ப மெஷினாலை கீறினம். நீ அழாதை" என்றார்.

அக்காவும் பேத்தியும் நானும் முறையிடப் பொலிசுக்குப் போனோம். முறைப்பாட்டை எடுத்த பெண் அலுவலர் மிக மரியாதையாக நடந்துகொண்டார். தண்ணீர் தந்தார். எல்லாவற்றையும் கேட்டார். பெயரும் இல்லை, நாடும் தெரியாது. அவனை எங்கே தேடுவது என்று அவருக்கும் தெரியவில்லை. வெளியே வந்து நாங்கள் மூவரும் பஸ் தரிப்பில் நின்றோம். பேத்தி என்னிடம் கேட்டார், "அப்ப இதுக்கு ஒண்டும் செய்யேலாதா?" எனக்கு எண்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று கொட்டாஞ்சேனையில் அப்பா கேட்ட வயதில் எனக்குத் தெரியாத பதில் அந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் அக்காவுக்கு மறதி தொடங்கிவிட்டது. முதலில் நொஸ்க் போனது. பிறகு ஒஸ்லோ போனது. இங்கே ட்வெய்ட்டா என்ற இடத்தில் கடைக்குள் நின்றுகொண்டு புறக்கோட்டைக்கு எந்த பஸ் என்று கேட்டார். மருமகள் வேலையைக் குறைத்துப் பார்த்தார். இனி முடியாது என்ற நிலையில் சீக்கயெம் எனும் பராமரிப்பு இல்லத்தில் விட்டோம். மருமகள் அன்று வாசலில் நின்று அழுததை நான் மறக்கமாட்டேன். அவர் செய்யாத ஒன்றும் இல்லை.

அங்கே தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓர் இளைஞர் வேலை செய்தார். அக்காவோடு தமிழில் பேச ஒருவர் இருக்கிறார் என்று எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஒருநாள் பின்னேரம் நான் போனபோது அவர் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, கைக்கணினியில் எதையோ காட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அம்மா நடிச்ச பாட்டு. எங்க தாத்தா காலத்துப் படம். பார்த்தா சந்தோஷப்படுவாங்கன்னு போட்டேன்."

கெட்ட எண்ணம் அவரிடம் துளியும் இல்லை. அது அந்த மழைப் பாட்டு. யாரும் நிறம் கொடுக்காத பழைய கறுப்பு வெள்ளை. நிறுத்தச் சொல்ல நான் வாயெடுக்கும் முன் அக்கா குனிந்து உற்றுப் பார்த்தார்.

"ஆரிந்தப் பிள்ளை?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"பாவம், நல்லா நனையுது. கூட ஒருத்தரும் வரேல்லையோ?"

"வந்தவை அக்கா. தம்பி வந்தவன்."

"எங்கை அவன்?"

"வெளியிலை நிக்கிறான்."

"உள்ளுக்கு வரச் சொல்லுங்கோவன்."

"விடமாட்டினமாம் அக்கா."

அக்கா பாட்டு முடியும் வரை பார்த்தார். பிறகு அந்த இளைஞரைப் பார்த்து, "சொல்லிப் பாருங்கோ. சின்னப் பெடியன். எவ்வளவு நேரமெண்டு நிக்கிறது?" என்றார். அந்த இளைஞருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணினியை மூடினார். நான் அக்காவின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். அவர் என்னை யாரென்று அறியாமலே, தள்ளி இருந்து இடம் தந்தார்.

கடந்த கார்த்திகையில் சளிக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, இனி ஊசிகளால் அவரை வருத்த வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். சுவாமியார் வந்து நோயில்பூசுதல் கொடுத்தார். மருமகள் தலைமாட்டில் இருந்து செபமாலை சொன்னார். பேத்தி கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சும் பெரிய வேலையாக இருந்தது. நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. வெளியே முதல் பனி விழுந்துகொண்டிருந்த காலையில் அக்கா ஆண்டவரிடம் போனார்.

அக்காவின் நோயிலும் மறைவிலும் எங்களைத் தாங்கியவர்களை நினைக்கிறேன். தம் தாயைப்போல் அக்காவைக் குளிப்பாட்டி உடுத்துவிட்ட பராமரிப்பு இல்லத்துப் பிள்ளைகளுக்கும், அந்தப் பாட்டைக் காட்டியதற்காக அடக்கத்தன்று என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்ட, மன்னிக்க ஒன்றுமே இல்லாத அந்த இளைஞருக்கும் நன்றி. ஞாயிறு தோறும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த பெண்களுக்கும், நோர்வீஜியரான பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும், அடக்கத் திருப்பலியை நிறைவேற்றிய சுவாமியாருக்கும், கனடாவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் ரெலிபோனில் ஆறுதல் சொன்னவர்களுக்கும், மரண வீட்டில் சமைத்து, கதிரை தூக்கி, ஆட்களை ஏற்றி இறக்கிய ரொம்சோஸ் இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வாசகங்களைப் பகிர்ந்து கொடுப்பவர் அடக்கத்தன்று கடைசி வரை நின்று, அக்காவின் பெட்டியைத் தோளில் தாங்கியவர்களில் ஒருவராக நடந்தார். அவருக்கும் நன்றி.

இன்னும் ஒன்று கேட்க இருக்கிறது. அக்காவின் படங்களை அழித்துவிடுங்கள் என்று நான் உங்களைக் கேட்கப்போவதில்லை. நீங்கள் அழித்தாலும் அவை வேறெங்கோ இருக்கும். எங்கள் காலத்துக்குப் பிறகும் இருக்கும். என்றாவது அவற்றில் ஒன்று உங்கள் கைக்கோ உங்கள் பிள்ளைகளின் கைக்கோ வந்து, பக்கத்தில் இருப்பவர் யார் இது என்று கேட்டால், பேசாமல் இருந்துவிடாதீர்கள். அம்மா என்றோ, பெரியம்மா என்றோ, மாமி என்றோ, அம்மம்மா என்றோ, நீங்கள் அவரை எப்படிக் கூப்பிட்டீர்களோ அந்த முறையைச் சொல்லுங்கள். நான் இருந்தால் அக்கா என்று சொல்வேன்.

அன்புத் தம்பி
ரொம்சோஸ், ஒஸ்லோ